முரசில் இரத்தம், வயிற்றில் எரிவு: பல் வைத்தியரிடம் கேளுங்கள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வாயையும் வயிற்றையும் சேர்த்துக் கேட்டவை. எனக்கு அது பெரிய சந்தோசம். வன்னியில் பல் வைத்தியராக வேலை செய்யத் தொடங்கிய நாளிலிருந்து நான் சொல்லிவருவதும் இதைத்தான். சீனிக்கு ஒரு கிளினிக், வயிற்றுக்கு ஒரு கிளினிக், பல்லுக்கு ஒரு கிளினிக் என்று ஆஸ்பத்திரியில் பிரித்து வைத்திருக்கிறோம். உடம்புக்குள் உதடு தொடங்கி மலவாசல் வரை ஒரே குழாய்தான். மேலே வளரும் கிருமிகளை நாள் முழுக்க கீழே விழுங்கிக்கொண்டேதான் இருக்கிறோம். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

எனக்கு 52 வயது. சீனி வருத்தம் வந்து எட்டு வருடம். குளிசை தவறாமல் போடுகிறேன், சோற்றையும் குறைத்துவிட்டேன். ஆனாலும் கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் சீனி கூட என்கிறார்கள். பல் தீட்டும்போது முரசில் இரத்தம் வரும். நோவு இல்லாததால் யாரிடமும் சொல்லவில்லை. வாய்க் கிருமியாலும் சீனி ஏறும் என்கிறாள் மகள். உண்மையா?
*வாசகி, விசுவமடு*

அம்மா, மகள் சொன்னது உண்மை. நோவு இல்லை என்று நீங்கள் சும்மா விட்டதுதான் எனக்குக் கவலை. முரசு நோய் பெரும்பாலும் நோகாது. நோகத் தொடங்கும்போது பல் ஆடத் தொடங்கியிருக்கும்.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். பல்லும் முரசும் சேரும் விளிம்பில் ஒரு மெல்லிய படலம் படியும். விரல் நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக, கொழகொழவென்று வரும். அது முழுக்க பக்டீரியா. அங்கேயே விட்டால் இறுகி, தூரிகையால் எடுக்க முடியாத பற்காறை ஆகிவிடும். முரசு வீங்கி, பல்லை விட்டு விலகி, நடுவில் ஒரு பை போல இடைவெளி உண்டாகும். அந்த இடைவெளிக்குள் காற்று போகாது. காற்றில்லாத இடத்தை விரும்பும் போர்பிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற கிருமிகள் அங்கே பெருகும். நோய் முற்றிய ஒருவரின் எல்லாப் பற்களையும் சுற்றியுள்ள உட்புண்ணைச் சேர்த்து அளந்தால் 8 முதல் 20 சதுர சென்ரிமீற்றர் வரை வரும். அந்த அளவு புண் உங்கள் காலில் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருப்பீர்கள். சீனிக்காரர் காலில் புண் வந்தால் எவ்வளவு பயப்படுவோம்! வாய்க்குள் இருப்பது கண்ணில் படாததால் வருடக்கணக்காக விட்டுவிடுகிறோம்.

அந்தப் புண் வழியாக, சாப்பாட்டை மெல்லும்போதுகூட கிருமிகளும் அவற்றின் கழிவுகளும் இரத்தத்தில் கலக்கும். அவற்றை எதிர்க்க உடம்பு சுரக்கும் அழற்சிப் பொருட்கள் இன்சுலினின் வேலையைக் கெடுக்கும். மறுபக்கம், இரத்தத்தில் சீனி கூடினால் முரசின் எதிர்ப்புச் சக்தி குறையும். ஒன்றை மற்றது வளர்க்கும். இன்னொரு வழியும் உண்டு. யப்பானில் மேலே சொன்ன ஜிஞ்சிவாலிஸ் கிருமியை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், எலிகளின் குடலில் இருந்த பக்டீரியாக் கூட்டமே மாறியது, உடம்பில் அழற்சியும் கூடியது. அது எலிகளில் கண்டது. மனிதரில் நல்ல சான்று இருப்பது சிகிச்சையின் பலனுக்கு. 35 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கொக்ரேன் குழு, முரசுக்கு முறையாகச் சிகிச்சை செய்தால் மூன்று நான்கு மாதத்தில் சீனிக்காரரின் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) அளவு சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி இறங்குகிறது என்று 2022இல் அறிவித்தது. ஒரு குளிசையும் கூட்டாமல் கிடைக்கும் இறக்கம் அது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் பிரிவில் காசில்லாமலே பற்காறை எடுக்கலாம். வரும் நாளில் காலைச் சாப்பாட்டையும் குளிசையையும் தவறவிடாமல் வாருங்கள், சீனிக் கொப்பியையும் கொண்டு வாருங்கள். காலபோக அறுவடை முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று மட்டும் தள்ளிப் போடாதீர்கள். பங்குனியில் என்னிடம் வருகிறவர்களில் பலர் மார்கழியில் வந்திருந்தால் பல்லைக் காப்பாற்றியிருக்கலாம்.

வீட்டில் மெதுவான தூரிகை பாவியுங்கள். அதன் மயிர் பாதி பல்லிலும் பாதி முரசிலும் படும்படி சரித்துப் பிடித்து, சின்னச் சின்னதாக அசையுங்கள். இரத்தம் வரும் இடத்தைத் தொடப் பயந்து பலர் அப்படியே விட்டுவிடுவார்கள். அந்த இடத்துக்குத்தான் தூரிகை அதிகம் தேவை. ஒழுங்காகத் தீட்டினால் ஒன்றிரண்டு வாரத்தில் இரத்தம் குறையும். குறையாவிட்டால் ஆழத்தில் காறை இருக்கிறது என்று அர்த்தம்.

வயிற்றெரிவுக்கு ஒருமுறை ஒமெப்ரசோல் தந்தார்கள். நல்ல சுகம். அப்புறம் மருந்துக்கடையில் நானே வாங்கி இரண்டு வருடமாகத் தினமும் போடுகிறேன். இப்போது வயிறு ஊதலும் இடைக்கிடை வயிற்றோட்டமும் இருக்கிறது. விழுங்கும் எச்சிலில் உள்ள கிருமிகள் வயிற்றில் சாகாதா?
*வாசகர், கிளிநொச்சி*

தம்பி, நல்ல கேள்வி. ஒரு மில்லிலீற்றர் எச்சிலில் சுமார் 10 கோடி பக்டீரியா இருக்கும். நாளுக்கு ஒரு லீற்றர் எச்சில் விழுங்குகிறோம் என்று வைத்தால் கிட்டத்தட்ட 10,000 கோடி உள்ளே போகும். அவற்றில் மிகப் பெரும்பான்மை இரைப்பை அமிலத்தில் செத்துவிடும். தப்பிப் போகிற கொஞ்சத்துக்கும் குடலில் இடம் கிடைப்பது கடினம், அங்கே ஏற்கெனவே குடலுக்குரிய பக்டீரியா நெருக்கமாக இருக்கிறது. நெல் அடர்த்தியாக நிற்கும் வயலில் புல் ஏற இடமில்லை அல்லவா, அப்படித்தான்.

ஒமெப்ரசோல் அந்த அமிலத்தைக் குறைக்கும் மருந்து. அமிலம் குறைந்தால் தப்பிப் போகும் கிருமி கூடும். பிரித்தானியாவில் சுமார் 1,800 இரட்டையரின் மலத்தை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். இந்த வகை மருந்து எடுத்தவர்களின் குடலில், வழக்கமாக வாயிலும் தொண்டையிலும் வாழும் ஸ்ரெப்ரோகொக்கஸ் இனங்கள் கூடியிருந்தன. வயிற்றோட்டத்தை உண்டாக்கும் சில தொற்றுகளும் இந்தக் குளிசை எடுப்பவர்களுக்குக் கூடுதலாக வருவது தெரிந்த விசயம்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்த வேண்டாம். குடற்புண் உள்ளவர்களுக்கும், மூட்டு நோவுக்கு நீண்டகாலம் மாத்திரை எடுப்பவர்களுக்கும் இது உயிர் காக்கும் மருந்து. இரண்டு வருடம் விடாமல் எடுத்தபின் சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து எரிவு கூடும். வைத்தியரைப் பார்த்து, தொடர வேண்டிய காரணம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஹெலிகோபக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்று சோதிக்கவும் சொல்லுங்கள். இரைப்பைப் புண்ணுக்கு அந்தக் கிருமி காரணம் என்று காட்டியதற்காகத்தான் பாரி மார்ஷலுக்கும் ரொபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அது இருந்தால் இரண்டு வார மருந்தோடு அலுவல் முடியலாம். அதைச் சோதிக்காமல் வருடக்கணக்காக எரிவை மட்டும் அமர்த்திக்கொண்டிருக்கக் கூடாது.

வாய் நாற்றம் வயிற்றிலிருந்து வருகிறதா? பேதி மருந்து குடித்தும் போகவில்லை.
*வாசகர், மாங்குளம்*

வாய் நாற்றம் பெரும்பாலும் வாயிலிருந்தே வரும். நாக்கின் பின்பகுதியிலும் முரசுப் பைகளிலும் உள்ள பக்டீரியா சாப்பாட்டுப் புரதத்தை உடைக்கும்போது கந்தக வாயுக்கள் கிளம்பும். பேதி மருந்தை விடுங்கள். நாக்கைப் பின்னுக்கிருந்து முன்னுக்கு மெதுவாக வழியுங்கள், தண்ணீர் போதுமான அளவு குடியுங்கள், முரசைக் காட்டுங்கள். அதன்பிறகும் போகாவிட்டால் தொண்டை, மூக்கு, வயிறு என்று பார்க்கலாம்.

கனடாவில் இருக்கும் சித்தப்பா பெரிய போத்தலில் வாய் கொப்பளிக்கும் மருந்து கொண்டு வந்து தந்தார். 'கிருமி எல்லாம் சாகும், காலையும் இரவும் பாவியுங்கோ' என்றார். அம்மாவுக்குப் பிரஷர் இருக்கிறது. அவரும் பாவிக்கலாமா?
*வாசகி, புதுக்குடியிருப்பு*

தங்கச்சி, கிருமி எல்லாம் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்படமாட்டேன். வாயில் 700க்கு மேற்பட்ட பக்டீரியா இனங்களைக் கண்டிருக்கிறார்கள். அவற்றில் பல எங்களுக்காக வேலை செய்பவை. உங்கள் அம்மாவின் பிரஷருக்கே உதவும் ஒரு கூட்டம் நாக்கின் மேல் இருக்கிறது!

முளைக்கீரை, பீற்றூட் போன்றவற்றில் நைத்திரேற்று நிறைய உண்டு. சாப்பிட்டதும் அது குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்துக்குப் போகும். அதில் கால்வாசியை உமிழ்நீர்ச் சுரப்பிகள் திரும்ப வாய்க்கே கொண்டு வரும். நாக்கின் மடிப்புகளில் இருக்கும் வெய்லோனெல்லா, ரோத்தியா, நைசீரியா முதலிய பக்டீரியாக்கள் அதை நைத்திரைற்று என்ற வேறொரு பொருளாக மாற்றும். அதை விழுங்கினால் வயிற்றிலும் இரத்தத்திலும் நைத்திரிக் ஒக்சைட் உண்டாகி இரத்தக் குழாய்களைத் தளர்த்தும். இந்த மாற்றத்தைச் செய்யப் போதிய ஆற்றல் எங்கள் உடம்புக்கு இல்லை, வாய்ப் பக்டீரியா வேண்டும். கீரை சமைத்துச் சாப்பிட்ட பலன் பாதியில் நிற்காமல் இருப்பது அவற்றால்தான்.

பிரித்தானிய ஆய்வாளர்கள் 2013இல் இதைச் சோதித்தார்கள். ஆரோக்கியமான 19 பேர் ஏழு நாள் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிகொல்லி கலந்த கரைசலால் வாய் கொப்பளித்தார்கள். எச்சிலில் நைத்திரைற்று 90 சதவீதம் குறைந்தது. பிரஷர் 2 முதல் 3.5 மில்லிமீற்றர் வரை ஏறியது. சிறிய ஆய்வுதான், ஏற்றமும் பெரிதில்லை. ஆனாலும் தேவையில்லாமல் ஏன்?

பல் பிடுங்கிய பிறகோ முரசுச் சிகிச்சையின்போதோ நாங்கள் குளோர்ஹெக்சிடின் எழுதித் தருவோம். சொன்ன நாட்களுக்கு மட்டும் அதைப் பாவிக்க வேண்டும். போத்தலில் என்ன மருந்து என்று பெயரைப் பாருங்கள். வெறும் புளோரைட் கரைசல் என்றால் வேறு கதை. மற்றபடி அம்மாவுக்கு இரவு படுக்குமுன் பற்பசையோடு ஒழுங்கான தீட்டல் போதும். கீரையைத் தாராளமாகச் சமையுங்கள். சிறுநீரக வருத்தம் இருந்தால் மட்டும் கீரை அளவை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வவுனியாப் பக்கம் அந்த நோய் இருப்பதால் சொல்கிறேன்.

அப்பா குடல் புற்றுநோயால் இறந்தார். வாயில் இருக்கும் கிருமிதான் அதற்குக் காரணம் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. எல்லாப் பல்லையும் பிடுங்கிவிட்டால் பாதுகாப்பா?
*வாசகர், துணுக்காய்*

உங்கள் அப்பாவின் இழப்புக்கு என் மனமார்ந்த அனுதாபம். பல்லைப் பிடுங்க வேண்டாம், தம்பி. காணொளியில் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. அதை அளவுக்கு மீறிச் சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார்கள்.

பியூசோபக்டீரியம் நியூக்ளியேட்டம் என்பது வாயில் சாதாரணமாக வாழும் நீள வடிவப் பக்டீரியா. பற்படலத்தில் மற்றக் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள நடுவில் பாலமாக நிற்பது. கனடாவிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் 2012இல், பெருங்குடல் புற்றுக் கட்டிகளுக்குள் இது வழக்கத்துக்கு மாறாக அதிகம் இருப்பதைக் கண்டார்கள். 2024இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ஆய்வாளர்கள் இன்னும் நுணுக்கமாகப் பார்த்து, இதன் ஒரு குறிப்பிட்ட பிரிவுதான் தாங்கள் சோதித்த கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் இருக்கிறது என்றும், அந்தப் பிரிவுக்கு அமிலத்தைத் தாங்கும் திறன் கூட என்றும் காட்டினார்கள். மற்றப் பாதிக் கட்டிகளில் அது இல்லை. வாயில் இந்தக் கிருமி உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குக் குடல் புற்றுநோய் வருவதுமில்லை.

உங்களுக்கு உண்மையில் முக்கியமான செய்தி உங்கள் கடிதத்தின் முதல் வரியில் இருக்கிறது. பெற்றோருக்கு இந்த நோய் வந்திருந்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து மற்றவர்களைவிடக் கூட. அப்பாவுக்கு எந்த வயதில் கண்டுபிடித்தார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு சத்திரசிகிச்சை கிளினிக்குக்குப் போங்கள். எப்போதிலிருந்து குடல்காட்டிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சொல்வார்கள். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் மெலிதல், மலம் போகும் பழக்கத்தில் மாற்றம் ஏதாவது கண்டால் மூலம் என்று நினைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். புகைப்பதை விடுங்கள், அது முரசையும் குடலையும் ஒருசேரக் கெடுக்கும். வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டு, நோய் முற்றி வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துதான் இதை எழுதுகிறேன்.

வெற்றிலை செமிபாட்டுக்கு நல்லது, வாய்க் கிருமியையும் கொல்லும் என்கிறார் மாமி. அவருக்கு வாய் முழுதாகத் திறக்க வருவதில்லை. காரச் சாப்பாடும் எரிகிறதாம்.
*வாசகி, ஒட்டுசுட்டான்*

செமிபாட்டுக் கதையை விடுங்கள். மாமியை இந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு வாருங்கள். வாய் திறக்க முடியாமையும் எரிவும் பாக்கினால் வரும் வாய் இறுக்க நோயின் அறிகுறிகள். அது புற்றுநோயாக மாறக்கூடியது. புகையிலை சேர்க்காத பாக்குக்கூட புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் உறுதிசெய்துவிட்டது. இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. வெற்றிலையை மட்டும் மென்றால் என்ன என்று கேட்பார். பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் இல்லாமல் எங்கள் ஊரில் யார் வெற்றிலை போடுகிறார்கள்?

பழஞ்சோறும் எருமைத் தயிரும் சாப்பிட்டால் குடலில் நல்ல பக்டீரியா கூடும் என்கிறார்களே?
*வாசகர், நெடுங்கேணி*

இரண்டும் நல்ல சாப்பாடு. இரவு ஊறிய சோற்றிலும் தயிரிலும் லக்ரிக் அமில பக்டீரியா இருக்கிறது. ஆனால் அவற்றில் பல குடலில் சில நாள் தங்கிவிட்டுப் போய்விடும். ஏற்கெனவே குடலில் இருக்கும் பக்டீரியாவுக்குச் சாப்பாடு கொடுப்பதுதான் முக்கியம். அதற்குத் தேவை நார்ச்சத்து. குரக்கன், தவிட்டோடு கூடிய மொட்டைக்கறுப்பன் அரிசி, பயறு, கௌப்பி, ஒடியல், முருங்கை இலை என்று எல்லாம் எங்கள் மண்ணிலேயே இருக்கிறது. நாரைப் பெருங்குடல் பக்டீரியா உடைக்கும்போது வரும் பியூட்டிரேற்று என்ற கொழுப்பமிலம்தான் குடற்சுவரின் கலங்களுக்கு முதன்மையான எரிபொருள். அதே குரக்கனைச் சீனி போட்டுக் களியாக்கி இரவில் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, பல் தீட்டாமல் படுக்கவைத்தால் வாயில் வேறு கூட்டம் வளரும்.

பல் நோவுக்கு மருந்துக்கடையில் நாலு அமொக்சிசிலின் வாங்கிப் போட்டால் நோவு போய்விடுகிறது. பிறகு ஏன் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்?
*வாசகர், பூநகரி*

நோவு போனால் நோய் போனதாகாது. பல்லின் நடுவில் இருக்கும் நரம்பு செத்து அழுகியபின் அங்கே இரத்த ஓட்டம் இல்லை, குளிசை அங்கு போய்ச் சேராது. பல்லின் உள்ளே வேர் வரை துப்புரவாக்கி அடைக்க வேண்டும், அல்லது பல்லை எடுக்க வேண்டும். இதற்கிடையில் நீங்கள் விழுங்கிய நாலு குளிசையும் குடலில் நல்ல பக்டீரியாவை அழித்து, மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கு இடம் விட்டுக்கொடுத்திருக்கும். முகம் வீங்கினால், காய்ச்சல் வந்தால், விழுங்கவோ வாய் திறக்கவோ கஷ்டமாக இருந்தால் அன்றிரவே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அந்த நிலையில் அன்ரிபயோட்டிக் தேவை, அதை வைத்தியர் தீர்மானிப்பார்.

தாத்தாவுக்கு 86 வயது. பாரிசவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். கட்டுப்பல் வைத்திருக்கிறார். கீழே சொந்தப் பல் நாலு இருக்கிறது. 'சாகப்போற காலத்தில பல்லு எதுக்கு' என்கிறார். வாயைத் துப்புரவாக்குவது அவ்வளவு அவசியமா?
*பேத்தி, முழங்காவில்*

மிகவும் அவசியம், பிள்ளை. பாரிசவாதத்தில் விழுங்கும் தசைகள் பலவீனமாகும். வயிற்றுக்குப் போக வேண்டிய எச்சில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். வயிற்றில் அமிலம் இருக்கிறது, நுரையீரலில் அப்படி ஒரு காவல் இல்லை. அந்த எச்சிலில் உள்ள கிருமிதான் நிமோனியாவாக வரும். யப்பானில் முதியோர் இல்லங்களில் இரண்டு வருடம் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒழுங்காக வாய்ப் பராமரிப்புச் செய்தவர்களில் 11 சதவீதத்தினருக்கும், அது கிடைக்காதவர்களில் 19 சதவீதத்தினருக்கும் நிமோனியா வந்தது. கட்டுப்பல்லோடு தூங்கும் முதியவர்களுக்கு ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் என்று 2015இல் இன்னொரு யப்பானிய ஆய்வு காட்டியது.

முதலில் தாத்தாவை நன்றாகச் சாய்த்து நிமிர்த்தி இருத்துங்கள். முடியாவிட்டால் ஒருபக்கம் சரித்துக் கிடத்துங்கள், மல்லாக்கக் கிடத்திச் செய்யக் கூடாது. கட்டுப்பல்லைக் கழற்றி, தூரிகையும் சவர்க்காரமும் கொண்டு உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டையும் தேய்த்துக் கழுவுங்கள். இரவு முழுக்க அது பச்சைத் தண்ணீரில் கிடக்கட்டும், வாய்க்குள் வேண்டாம். சொந்தப் பல் நாலையும் சின்னப் பிள்ளைகளின் மெதுவான தூரிகையில் பயறளவு பற்பசை வைத்துத் தீட்டுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், புரைக்கேறும். சுத்தமான துணியை விரலில் சுற்றி நனைத்து, நன்றாகப் பிழிந்து, முரசு, கன்னத்தின் உள்பக்கம், நாக்கு எல்லாம் துடைத்து எடுங்கள். சோறு கன்னத்துக்குள் ஒதுங்கி நிற்கும், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் விரல் விட்டுப் பாருங்கள். சாப்பிட்டு அரை மணித்தியாலமாவது நிமிர்ந்து இருக்கட்டும். இருமலோடு காய்ச்சல் வந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ விடியட்டும் என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.